ஒப்படைக்க ஆளில்லாத மதியம்

லிண்டால்வாவுக்குக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே ஓய்வெடுக்கத் தெரியும். ஆம்புலன்ஸில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் சாய்ந்துகொள்வாள். ரேடியோவில் தன் வண்டியின் எண் வராதவரை மற்ற கரகரப்பெல்லாம் அவள் காதில் ஏறாது. இதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. பெலெம் நகரத்து வெயிலும் மழையும் இத்தனை வருஷமாக அவளை அடித்துத் துவைத்துக் காயப்போட்டதில் தானாக வந்து சேர்ந்தது.

வயது ஐம்பதை நெருங்கிவிட்டது. ஸ்ட்ரெச்சரைத் தூக்கித் தூக்கி இடுப்பில் ஒரு வலி குடியேறியிருந்தது. கணவன் பெனெதித்தோ ஆற்றுப் படகில் வேலை. வாரத்தில் பாதி நாள் தண்ணீர் மேல்தான். மகள் கல்யாணமாகி மனவுஸ் நகரத்துக்குப் போய்விட்டாள். குவாமா பேட்டையில், கால்வாய் ஓரத்துச் சந்தில் வீடு. சந்தில் யாருக்கு மயக்கம் வந்தாலும் முதலில் தட்டப்படுவது அவள் கதவுதான்.

ஆனால் அவளிடம் ஊர்வம்பு மட்டும் பேச முடியாது.

"நேத்து மூணாவது வீட்டு டோராவைக் கூட்டிட்டுப் போனியே, என்னவாம் அவளுக்கு?" என்பார்கள்.

"உடம்பு சரியில்ல."

"அது எங்களுக்கும் தெரியும்டி. என்ன உடம்புக்கு?"

"அவ திரும்பி வந்ததும் அவகிட்டயே கேளுங்க."

முதலில் திமிர் என்றார்கள். பிறகு அழுத்தக்காரி என்றார்கள். கடைசியில் பழகிவிட்டார்கள்.

ஆம்புலன்ஸ் முதலுதவி வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பயிற்சி வகுப்புக்கு ஒருநாள் ஒரு வழக்கறிஞர் அம்மாள் வந்திருந்தாள். எலும்பு, நரம்பு, மூச்சுக்குழல் பாடங்களையெல்லாம் அவ்வப்போது புரட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த அம்மாள் சொன்னது மட்டும் லிண்டால்வாவுக்கு மறக்கவேயில்லை. "சுயநினைவோட இருக்கறவங்களைக் கேட்காம தொடாதீங்க. தொட்டுட்டா, உங்களைவிடத் தெரிஞ்ச ஒருத்தர் கையில குடுக்கற வரைக்கும் அவங்க உங்க பொறுப்பு. நடுவுல விட்டுட்டுப் போனா அது குற்றம். பார்த்ததை, கேட்டதை வெளியில சொல்லாதீங்க." பின்வரிசையிலிருந்து ஒருத்தன், "கல்யாணம் பண்ணிக்கிட்டாக்கூட இவ்வளவு கட்டுப்பாடு கிடையாதே, அம்மா," என்றான். வகுப்பே சிரித்தது. லிண்டால்வாவும்தான்.

பனை மாதிரி மரத்தில் காய்க்கும் ஊதா நிற அசாயிப் பழம் குவியும் பருவத்தில் ஒரு வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில், நெஞ்சுவலி என்று அழைப்பு வந்தது. கால்வாய்க்கு அந்தப்பக்கம் இருக்கும் ஒஸ்மரினோவின் அசாயிக் கடை. வாசலில் சாறு தயார் என்பதற்கான சிவப்புக் கொடி தொங்கியது. பழச்சாறு வாங்கப் பாத்திரத்தோடு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். உள்ளே அரவை இயந்திரத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு கிழவர் நின்றிருந்தார். முகம் சாம்பல் பூத்துப்போய், சட்டை முழுக்க வியர்வை. முழங்கைவரை ஊதாக் கறை.

"எனக்கு ஒண்ணுமில்ல. வயித்துல கேஸ்," என்றார். "வரிசையில நில்லும்மா, உனக்கும் தரேன்."

மகள் மார்லேனி குறுக்கே வந்தாள். "இவர் இப்படித்தான் சொல்லுவாரு அக்கா. நாலு பேரா சேர்ந்து தூக்கி வண்டியில போடுங்க. நான் சொல்றேன்ல."

"நீ சொன்னா ஆகாது. அவர் சொல்லணும்," என்றாள் லிண்டால்வா.

வண்டி ஓட்டும் ஜுராந்திர் பையை இறக்கி வைத்தான். அவள் கிழவருக்கு முன்னால் ஒரு பழக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். நிற்க இடுப்பு விடவில்லை.

"கையைத் தொட்டுப் பார்க்கலாமா ஐயா?"

"பாரு. கறை ஒட்டிக்கும், அப்புறம் என்னைத் திட்டாதே."

நாடி தாறுமாறாக ஓடியது. "இன்னைக்கு என்ன கிழமை? இது எந்த இடம்?"

"வியாழன். இது என் கடை. நீ வைத்தியம் பார்க்க வந்தியா, பரீட்சை வைக்க வந்தியா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். புத்தி தெளிவாக இருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்படியானால் வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவருக்கு இருக்கிறது.

"ஐயா, நீங்க வரலைன்னா நான் இழுத்துட்டுப் போக முடியாது. சாட்சி வச்சு ஒரு கையெழுத்து வாங்கிட்டுப் போயிடுவேன். ஆனா அதுக்கு முந்தி உள்ளதைச் சொல்லிடணும். இது கேஸ் மாதிரி தெரியல. இதயத்துல அடைப்பு இருக்கலாம். இங்கயே இருந்தா இன்னைக்கே செத்துப் போகலாம். நான் சொன்னது புரிஞ்சுதான்னு நீங்க உங்க வாயால சொல்லணும்."

கிழவர் அவளையே பார்த்தார்.

"இப்படி மூஞ்சிக்கு நேரா சொல்லலாமா நீ?"

"சொல்லாம போனாத்தான் தப்பு."

அவர் இயந்திரத்தை அணைத்தார். "மார்லேனி, பாத்திரத்தை உடனே கழுவிடு, புளிச்சிடும்," என்று சொல்லிவிட்டுத் தானே வண்டிவரை நடக்கப் பார்த்தார். ஜுராந்திர் விடவில்லை; ஸ்ட்ரெச்சரில் ஏற்றினான். லிண்டால்வா ரேடியோவில் மருத்துவரிடம் நிலைமையைச் சொன்னாள்; அவர் சொற்படி ஆஸ்பிரின் கொடுத்துப் படுக்க வைத்தாள்.

மருத்துவமனை அவசரப் பிரிவின் நடைபாதையில் இரண்டு பக்கமும் நோயாளிகள். பாதிப்பேர் ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சர்களிலேயே கிடந்தார்கள். உள்ளே கட்டில் இல்லை; ஆகவே ஸ்ட்ரெச்சர் திரும்பி வராது; ஆகவே வெளியே வண்டிகள் சும்மா நிற்கும். வாரத்தில் பல நாள் இதே கதைதான். யாரைத் திட்டுவது என்றுகூட அவளுக்குத் தெரிவதில்லை.

இளம் நர்ஸ் ஒருவன் தாண்டி ஓடினான். அவனை மறித்தாள்.

"நெஞ்சுவலி. நாடி சரியில்ல. யார் வாங்கிக்கறீங்க?"

"அந்த பிளாஸ்டிக் நாற்காலியில உட்கார வச்சுட்டுப் போங்க அக்கா. கூப்பிடறோம்."

"உங்க பேரைச் சொல்லுங்க தம்பி, உங்ககிட்ட ஒப்படைச்சுட்டுப் போறேன்."

அவனுக்குக் கண்ணைச் சுற்றிக் கருவளையம். "நான் ஒருத்தன்தான் இருக்கேன். என் பேரைப் போட்டா என் தலையில விடியும்," என்றான்.

"நாற்காலியில போட்டா இவர் தலையில விடியும்."

அவன் அடுத்த நோயாளியைப் பார்க்க ஓடினான். அவள் சுவரோடு சாய்ந்து நின்றாள். நேரம் ஊர்ந்தது. கூரைமேல் அன்றாட மழை வந்து கொட்டிவிட்டுப் போயிற்று. கிழவர் ஸ்ட்ரெச்சரில் எழுந்து உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார். தீவிலிருந்து வரும் பழத்துக்கும் கரைப் பழத்துக்கும் நிறத்தில் உள்ள வித்தியாசத்தைச் சொன்னார். ம், ம் என்று கேட்டுக்கொண்டு, இன்னொரு முறை ஒருவரையாவது மடக்க முடியுமா என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜுராந்திர் நனைந்த சட்டையோடு ஓடிவந்தான். "அக்கா, பெரிய ரோட்டுல பைக்காரன் ஒருத்தன் லாரியில மோதிக் கிடக்கானாம். பக்கத்துல இருக்கறது நம்ம வண்டிதான். வர முடியுமான்னு கேக்கறாங்க."

அவள் ரேடியோவை வாங்கிப் பேசினாள். மறுமுனையில் இருந்த மருத்துவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உங்க நோயாளியை யார் ஏத்துக்கிட்டாங்க?"

"இன்னும் யாரும் இல்ல டாக்டர்."

"அப்போ நீங்க அங்கதான் இருக்கணும். நான் வேற வண்டி தேடறேன்."

"தூரத்துலேர்ந்துதான் வரணும்," என்றான் ஜுராந்திர். "இவரைப் பாருங்க, உட்கார்ந்து கதை பேசிட்டிருக்காரு. அவன் ரோட்டுல கிடக்கான். நாற்காலியில வச்சுட்டு ஓடிடலாம் அக்கா. யாரு கேக்கப் போறா?"

யாரும் கேட்கமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அவளுக்கும் கால் அந்தப் பக்கம்தான் இழுத்தது. கிழவர் காதிலும் அது விழுந்திருந்தது. "நான் நாற்காலியில இருந்துக்கறேன்மா. நீ போ," என்றார்.

"படுங்க ஐயா," என்றாள்.

சற்று நேரத்துக்கெல்லாம் அவர், "வாய் காயுது," என்றார். அடுத்த சொல் வரவில்லை. கண் மேலே செருகி, தொண்டையில் ஒரு குறட்டை. அவள் சட்டையைக் கிழித்துத் திறந்தாள். ஜுராந்திர் ஓடிப்போய் வண்டியிலிருந்து மின்னதிர்ச்சிக் கருவியை எடுத்துவருவதற்குள் ஸ்ட்ரெச்சரைத் தாழ்த்தி, இரு கையையும் நெஞ்சில் வைத்து அமுக்கத் தொடங்கியிருந்தாள். விலகச் சொன்னது கருவி. உடம்பு ஒருமுறை துள்ளியது. மறுபடியும் அமுக்கினாள். பக்கத்து ஸ்ட்ரெச்சரில் கிடந்த அம்மாள் உரக்கச் செபம் சொன்னாள். அவர் கை அசைந்து, அவள் மணிக்கட்டைத் தள்ளப் பார்த்தபோதுதான் நிறுத்தினாள்.

இப்போது எங்கிருந்தோ இரண்டு மருத்துவர்கள் வந்தார்கள். உள்ளே ஒரு கட்டிலும் முளைத்தது. அந்த இளம் நர்ஸ் அவளிடம் எதுவும் கேட்காமல் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டான். அவனிடம் கோபப்பட அவளுக்குத் தெம்பில்லை.

வண்டியில் ஏறியதும் ஜுராந்திர் சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தான். "அந்த பைக்காரன் போயிட்டானாம். வேற வண்டி போய்ச் சேர்ந்தப்போ உயிர் இல்லையாம்," என்றான். அவள் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த துணி ஊதாவாகிவிட்டது.

வீடு திரும்பியபோது சந்து முழுக்க ஜனம். எதிர்வீட்டுக் கிளியோனிசியின் மகன் ரைல்சன்தான் லாரியில் மோதிய அந்த பைக்காரன். மருந்துக்கடைப் பொட்டலங்களை பைக்கில் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். போன மாதம் லிண்டால்வா வீட்டுக் குழாயை அவன்தான் சரிசெய்து கொடுத்தான்; ஒரு வாய் காபி மட்டும் குடித்துவிட்டுப் போனான்.

அடக்கம் முடிந்த பிறகு ஒருநாள் கிளியோனிசி வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"அன்னைக்கு நீ வேலையில இருந்தே."

"இருந்தேன்."

"எங்க இருந்தே?"

"ஒரு நோயாளிகூட."

"யாரு?"

"சொல்ல முடியாதுக்கா."

"என் பிள்ளை ரோட்டுல கிடந்தான். உனக்கு இன்னும் பூட்டு வாயா?"

லிண்டால்வா தலையைக் குனிந்துகொண்டாள். கிளியோனிசி போய்விட்டாள். அதிலிருந்து சந்தில் பலர் இவளிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை. இரத்த அழுத்தம் பார்க்கவும் யாரும் வரவில்லை. பெனெதித்தோ ஊருக்கு வந்தபோது, "வேற வீடு பார்ப்போமா?" என்று கேட்டான். "மூட்டை கட்ட யாரால முடியும்?" என்றாள்.

ஆனால் ஒஸ்மரினோவுக்கு எந்தப் பூட்டும் இல்லை. அடைப்பை எடுத்துவிட்டு வீடு திரும்பியவர் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, வருகிற போகிறவர்களிடமெல்லாம் நடைபாதைக் கதையைச் சொன்னார். கட்டில் கொடுக்காதது, நாற்காலியில் வைக்கச் சொன்னது, பைக்காரனுக்காகக் கூப்பிட்டது, அந்தப் பெண் அசையாமல் நின்றது, தான் செத்துப் பிழைத்தது, எல்லாம். ஒருநாள் பாத்திரத்தோடு வரிசையில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் கிளியோனிசியும் ஒருத்தி. பழச்சாறு வாங்காமலே திரும்பிவிட்டாளாம்.

அன்று மாலை மறுபடி வந்தாள். இந்தத் தடவை உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"யாருகூட இருந்தேன்னு நீ சொல்ல வேணாம். எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒண்ணு மட்டும் சொல்லு. அந்த ஆளை உள்ள எடுத்திருந்தா நீ வந்திருப்பியா?"

"வந்திருப்பேன்."

"வந்திருந்தா என் பையன் பிழைச்சிருப்பானா?"

பொய் சொல்ல வாகான இடம்தான். "தெரியலக்கா. அவனைப் பார்க்காம என்னால சொல்ல முடியாது. பிழைச்சிருக்கவும் கூடும்."

கிளியோனிசி நெடுநேரம் அழுதாள். லிண்டால்வா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்போ நான் யாரைப் பிடிச்சுக் கேக்கணும்?" என்றாள் கிளியோனிசி.

"அரசு வழக்கறிஞர் அலுவலகத்துல போய் எழுதிக் குடுங்க. என்னைச் சாட்சிக்குக் கூப்பிடச் சொல்லுங்க. அதிகாரத்துல இருக்கறவங்க கூப்பிட்டுக் கேட்டா நான் பேசலாம். பேசியே ஆகணும்."

அழைப்பு வர மழைக்காலம் முழுக்க ஆயிற்று. ஒஸ்மரினோவும் தன் விஷயத்தை அவள் வெளியில் பேசலாம் என்று சம்மதம் எழுதிக் கொடுத்தார். விசாரணையில் லிண்டால்வா நடந்ததை நடந்தபடி சொன்னாள். மருத்துவமனையின் வழக்கறிஞர், "நீங்க நினைச்சிருந்தா அவரை நாற்காலியில உட்கார வச்சுட்டுப் போயிருக்கலாமே?" என்று கேட்டார். "போயிருந்தா, இன்னைக்கு அவர் செத்த வழக்குல, ஏன் விட்டுட்டுப் போனீங்கன்னு என்கிட்ட கேட்டுட்டிருப்பீங்க," என்றாள். அந்த நர்ஸையும் கூப்பிட்டிருந்தார்கள். அன்று அத்தனை பேருக்கும் தான் ஒருத்தன்தான் இருந்தேன் என்று அவனும் மறைக்காமல் சொன்னான். அதற்குப் பிறகு அவன் அந்த வேலையில் நீடிக்கவில்லை என்று கேள்வி.

நோயாளியைக் கொண்டுவந்தால் யார் பொறுப்பேற்பது என்று ஒவ்வொரு பணிமுறைக்கும் ஒருவரை நியமிக்க வேண்டும், ஆம்புலன்ஸுக்குத் திருப்பிக் கொடுக்க மாற்று ஸ்ட்ரெச்சர்கள் வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. சில மாதம் நன்றாகவே நடந்தது. பிறகு இரண்டு ஸ்ட்ரெச்சருக்குச் சக்கரம் உடைந்தது. பொறுப்பாளர் விடுப்பில் போனால் வேறு ஆள் இல்லை. இருந்தாலும் முன்னைக்கு இப்போது தேவலை என்கிறார்கள் வண்டிக்காரர்கள்.

ரேடியோ அறைக்கு மாற்றல் கேட்டு லிண்டால்வா எழுதிப் போட்டாள். வண்டிக்கே ஆள் போதவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கிளியோனிசி முன்போல வந்து பேசுவதில்லை. ஆனால் சந்தில் எதிர்ப்பட்டால் நின்று தலையசைக்கிறாள்.

இதற்கெல்லாம் முன்னால், விசாரணை முடிந்த வார ஞாயிற்றுக்கிழமை பெனெதித்தோ ஆற்றிலிருந்து மீன் கொண்டுவந்து பொரித்தான். தட்டைப் போட்டு, தொட்டுக்கொள்ள வறுத்த மரவள்ளி மாவும் வைத்துக் கூப்பிட்டான். பதில் இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தான். ஊஞ்சல் வலையில் ஒருக்களித்துக் கண்ணை மூடி அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் மீனை மூடிவைத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான்.