வேளச்சேரி எலிக்கு எந்த ஊர்

எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு எலி பிடித்துக் கொடுப்பவர் சண்முகவேல். வயது ஐம்பத்து மூன்று. தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையின் குடோனில் இருபத்தாறு வருஷம் துணி மூட்டை, அதாவது பேல், பிரித்தவர். மனைவி சீதா இறந்த பிறகு அந்த வேலையை விட்டுவிட்டார். ஒரு நாள் அடையாறில் எங்கள் வாசலுக்கு வந்து, "எலி புடிக்க ஆள் வேணும்னாங்க" என்று நின்றார்.

நான் தாரணி. வாய் ஓயாதவள், பொறுமை கிடையாது என்று வீட்டிலேயே பெயர் வாங்கியவள். சென்னை எலிகள் எங்கிருந்து வந்தன, எப்படித் தெருத்தெருவாகப் பரவின என்று டி.என்.ஏ.வை வைத்துத் தேடுவதுதான் என் ஆராய்ச்சி. பெண் பார்க்க வந்தவர்களிடம் இதைச் சொன்னதும் காபியை அப்படியே கீழே வைத்துவிட்டார்கள்.

வேலையில் சண்முகவேலைக் குறை சொல்ல முடியாது. மயிலாப்பூர் வீடுகளில் கூண்டுக்குள் தேங்காய்ச் சில்லு வைப்பார், தி.நகரில் கருவாடு. பிடிபட்ட எலியின் வால் நுனியைத் துளி வெட்டி, ஸ்பிரிட் குப்பியில் போட்டு, தெருப் பெயரைப் பென்சிலால் எழுதுவார். பேனா என்றால் மை கரைந்துவிடும். ஒருமுறை ஒரு எலி கையுறையைத் தாண்டி அவர் கட்டைவிரலைக் கடித்துவிட்டது. ரத்தம் சொட்டுகிறது, முகம் மாறவே இல்லை.

"வலிக்கலையா அண்ணா?"

"தெரியல மேடம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஊசி போட இழுத்துக்கொண்டு போனேன்.

ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்தபோதுதான் சீதாவைப் பற்றிச் சொன்னார். வேளச்சேரியில் ஒரு சந்தில் கீழ்த்தள வீடு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூன்று நாள் முழங்கால் தண்ணீர். வடிந்த பத்தாம் நாள் சீதாவுக்குக் காய்ச்சல், பிறகு கண் மஞ்சளாகிவிட்டது. எலிக்காய்ச்சல் என்று தெரிவதற்குள் சிறுநீரகம் போய்விட்டது. இவ்வளவையும் ரேஷன் கடை திறக்கும் நேரத்தைச் சொல்கிற குரலில் சொன்னார்.

"எங்க சந்துல முன்னாடி இவ்ளோ எலி கெடையாது மேடம். அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு உங்க மிஷின்ல பாக்க முடியுமா? எவன் வூட்டு எலின்னு தெரிஞ்சா, அவனையாவது திட்டுவேன். எனக்குத் திட்டக்கூட ஆள் இல்ல."

"முடியும்" என்றேன். யோசித்துப் பேசும் பழக்கம் எனக்குக் கிடையாது.

அவரே தன் சந்தில் கூண்டு வைத்து ஒன்பது எலி பிடித்தார். சோதனை தாய்வழியைக் காட்டும். நாம் அப்பா பெயரில் இனிஷியல் போடுகிறோம், எலிக்கு நான் அம்மா பெயரில் போட்டுப் பார்க்கிறேன், அவ்வளவுதான். நாலு மாதம் கழித்து முடிவு வந்தது. ஆதம்பாக்கம் வரை அந்தப் பக்கத்து எலிகளுக்கெல்லாம் ஒரே இனிஷியல். சண்முகவேலின் சந்தில் பிடித்த ஒன்பதில் ஏழுக்கு மட்டும் வேறு. நாங்கள் பிடித்த எலிகளில் அந்த இனிஷியல் வேறு ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. தி.நகரில் ஜவுளி குடோன்கள் இருக்கும் ஒரு தெரு. என்றைக்கோ வடக்கிலிருந்து துணி பேலோடு வந்து இறங்கிய குடும்பமாக இருக்கும்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. குப்பிகளுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தவரிடம் ஓடினேன்.

"அண்ணா, கண்டுபிடிச்சிட்டேன்! உங்க சந்து எலிங்க தி.நகர் குடோன் எலிங்க. யாரோ சாமானோட கொண்டு வந்திருக்கணும்!"

சொல்லி முடித்த பிறகுதான், இருபத்தாறு வருஷம் அவர் எங்கே வேலை பார்த்தார் என்பது எனக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். பிரயோஜனமில்லை.

அவர் பென்சிலை மேஜைமேல் வைத்தார்.

"நான்தான் மேடம். வெள்ளத்துக்கு ரெண்டு வருஷம் முன்னாடி. மழைக்கு முன்ன சாமானெல்லாம் கட்டி பரண்ல ஏத்தணும், அட்டைப்பொட்டி கொண்டாங்கன்னு சீதா கேட்டா. குடோன்ல காலிப் பொட்டிய வருஷா வருஷம் நாங்களே பங்கு பிரிச்சுக்குவோம். ஒரு பொட்டிய வூட்ல தொறந்தா, உள்ள எலி குட்டி போட்டுக்கீது. தாயும் உள்ளயே கீது. அடிக்கப் போனேன். வெள்ளிக்கெழம, புள்ளையார் வாகனம், வாணாங்கன்னு கையப் புடிச்சிக்கினா. பொட்டியோட அவளே தூக்கினு போய் சந்துல காவா ஓரமா வச்சா. ரெண்டு நாளு சோறுகூட வச்சா."

எனக்குப் பதறியது. ஏழு எலியை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, வேறு யாராவதுகூட கொண்டு வந்திருக்கலாம், வெள்ளத்தில் எந்த எலியின் மூத்திரம் கலந்தது என்று யாருக்குத் தெரியும் என்று என்னென்னவோ சொன்னேன். அவ்வளவும் உண்மைதான். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். நான் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் தலையாட்டினார்.

"அவள எப்டி மேடம் திட்றது?" என்றார்.