கலியம்மாளின் புண்ணும் ஒரு புகைப்படமும்

நெய்வேலி நகரியத்துக் குவார்ட்டர்ஸ்களில் படுத்த படுக்கையாகிவிட்ட பெரியவர்களைக் குளிப்பாட்டித் துணி மாற்றுவது அன்புக்கரசியின் வேலை. காலையில் இரண்டு வீடு, மத்தியானம் ஒரு வீடு. கணவனுக்கு மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை, பள்ளிக்குப் போகும் பெண்கள் இரண்டு பேர். மலமும் சீழும் சளியும் பார்த்து இருபது வருஷம் ஆகிறது. எதற்கும் முகம் சுளிக்காதவளுக்கு, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சின் மாதர் ஐக்கியக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கையில் குமட்டியது.

தலைவி ஜெபமணி டீச்சர் பேசிக்கொண்டிருந்தார். வேலை வேலை என்று ஓடும் தாய்மாரும் ஊழியம் செய்யலாம், வழி இருக்கிறது என்றார். பிள்ளையின் டிபன் பாக்ஸில் பைபிள் வசனச் சீட்டு வையுங்கள். போனில் தினம் ஒரு வசனம் ஸ்டேட்டஸ் போடுங்கள். சமைக்கும்போது சன்னலைத் திறந்துவைத்துப் பாட்டைச் சத்தமாக விடுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் காதில் தானாக விழும். பிறகு ஒவ்வொருத்தியாக எழுந்து, அந்த மாதம் எத்தனை ஆத்துமாவிடம் ஏசுவைப் பற்றிப் பேசினோம் என்று சொல்ல வேண்டும். ஒருத்தி பதினாலு என்றாள். பேருந்து நிலையத்தில் நின்ற பதினாலு வண்டிகளில் கைப்பிரதி செருகினாளாம். எல்லோரும் கை தட்டினார்கள்.

"நீ எத்தன, அன்புக்கரசி?"

"ஒண்ணும் இல்லீங்க டீச்சர். நேரம் இல்ல."

பக்கத்தில் இருந்த புவனாவுக்கு வாய் சும்மா இருக்காது. "பொய் சொல்றாங்க டீச்சர். வடக்குத்துல ஒரு ஆயாவுக்குத் தினம் புண்ணு கழுவி வுடறாங்க. காசு கூட வாங்கறதில்ல."

பண்ருட்டியில் பெரிய பலாவைக் கண்ட வியாபாரி போல டீச்சரின் கண் விரிந்தது.

அந்த ஆயா கலியம்மாள். நகரியத்தை ஒட்டிய வடக்குத்து ஊரில் அன்புக்கரசியின் வீட்டுக்குப் பின்வீடு. எட்டு மாதத்துக்கு முன் வாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. மகன் சின்னதுரையும் மைன்ஸில் கான்ட்ராக்ட்தான். மருமகள் பவித்ரா ஜவுளிக் கடை வேலைக்குப் போகிறாள். இரண்டு பேரும் சோற்றை வாசலோரம் வைத்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். திருப்பிப் படுக்க வைக்க ஆளில்லாமல் இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் புண் வைத்துவிட்டது. அன்புக்கரசி முதலில் பார்த்தபோது உள்ளே புழு இருந்தது. ஆட்டோவில் வைத்து நர்ஸிடம் கூட்டிப்போய்ச் சுத்தம் செய்து, முறையைக் கேட்டுக்கொண்டு, அன்று முதல் தினம் நாலு மணிக்குப் போகிறாள். இரண்டு மாதத்தில் புண் எட்டணா அளவுக்குச் சுருங்கியிருந்தது. ஒரு வாரம் விட்டால் மறுபடி எலும்பு வரை போகும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

கலியம்மாளுக்குப் பாதி வாய்தான் வேலை செய்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

"எம் மருமவளே கிட்ட வரமாட்டா. நீ எதுக்குடி வர?"

"வேற வேல இல்ல ஆயா."

"யார கும்புட்டுக்குனு வர நீ?"

"ஏசுவ."

"அவரு வந்து கழுவ மாட்டாரா?"

"அவரு வந்தா நீ வெக்கப்படுவ. திரும்பு."

கிழவி பாதி வாயால் சிரித்தாள். அன்புக்கரசி மதத்தைப் பற்றி அவளிடம் பேசியது அவ்வளவுதான். நகர முடியாதவளிடம் பேச்சை வளர்ப்பது, கட்டிப்போட்டு ஊட்டுவது மாதிரி என்பது அவள் எண்ணம்.

புதன்கிழமை நாலரை மணிக்கு ஜெபமணி டீச்சர் இன்னும் இரண்டு பெண்களோடு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். கலியம்மாள் ஒருக்களித்துக் கிடந்தாள், முதுகும் இடுப்பும் திறந்திருந்தன. அன்புக்கரசி இரண்டு கையாலும் அவளைத் தாங்கியிருந்தாள். கையை எடுத்தால் கிழவி புண்மேல் சரிவாள்.

"வெளிய இருங்க டீச்சர். துணி இல்லாம இருக்காங்க."

"ரெண்டே நிமிஷம்மா." டீச்சர் ஒரு கையால் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, மறு கையைக் கிழவியின் நெற்றியில் வைத்து உரக்க ஜெபித்தார். கூட வந்தவர்களில் ஒருத்தி போனைத் தூக்கிப் படம் எடுத்தாள். கலியம்மாள் நல்ல கையால் சேலையை இழுத்தாள். எட்டவில்லை. ஜெபம் முடியும் வரை இழுத்துக்கொண்டே இருந்தாள்.

அவர்கள் போனதும் அன்புக்கரசி கட்டுப் போட்டுவிட்டு, கிணற்றடிக்கு வந்து வாந்தி எடுத்தாள்.

'இருளில் கிடந்த ஓர் ஆத்துமா' என்று எழுதி, மாதர் ஐக்கிய வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படத்தைப் போட்டிருந்தார்கள். அது கைமாறிக் கைமாறி, மறுநாள் மைன்ஸ் கேன்டீனில் சின்னதுரையின் கைக்கு வந்துவிட்டது. நாலு மணிக்கு அன்புக்கரசி போனபோது அவன் வாசலை மறித்து நின்றான்.

"எங்க அம்மா ஒடம்ப ஊரே பாத்துக்குனு சிரிக்குது. இதுக்குத்தான் வந்தியா யக்கா?"

"இல்ல. ஆனா என்னாலதான் வந்தாங்க. தப்புதான்." டீச்சரை வீட்டில் போய்ப் பார்த்துப் படத்தை அழிக்க வைத்ததையும், இனி அந்தக் கூட்டத்துக்குப் போவதில்லை என்று சொல்லிவிட்டு வந்ததையும் அவள் அவனிடம் சொல்லவில்லை. போன மானம் அதனால் திரும்பப்போவதில்லை.

"இனிமே உள்ள வராத."

"வரல. இன்னிக்குக் கட்டு மாத்தல. யாரு மாத்தப் போறது?"

அவன் கதவு நிலையில் கையை ஊன்றி வழியை இன்னும் அடைத்தான்.

"உங்க அம்மா மானத்துக்கு இவ்ளோ கோவம் வருதில்ல? ஆறு மாசமா அவ பீயில கெடந்தா. அப்ப எங்க போச்சு இந்தக் கோவம்?"

உள்ளேயிருந்து கலியம்மாள் முனகினாள். சின்னதுரை திரும்பிப் பார்த்தான். உள்ளே போகவும் இல்லை, வழி விடவும் இல்லை.

"நான் வாசப்படி தாண்ட மாட்டேன். இங்கேருந்து சொல்றேன், நீ செய். மொதல்ல கதவப் பாதி சாத்தி வெய்யி, என் கண்ணுக்கு மட்டும் தெரியட்டும். சேலையால மூடு. புண்ணு மட்டும் வெளிய இருக்கணும், வேற ஒண்ணும் தெரியக் கூடாது."

அவன் போய் மூடினான். பழைய கட்டைப் பிரித்ததும், வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். வேலியோரம் குனிந்து வயிற்றில் இருந்ததை எல்லாம் கக்கினான். அன்புக்கரசி இருந்த இடத்தில் இருந்தாள். தண்ணீர் எடுத்துக் கொடுக்கவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.

வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தான். "அடுத்து என்னா?"

"சோப்புப் போட்டுக் கைய கழுவு. மொதல்லேர்ந்து ஆரம்பி."