தகரவேலியும் தப்புச் சத்தமும்

ஊரில் இருக்கிறவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். இந்த இலங்கைத் தேயிலை மலையில் தப்பு அடித்துத்தான் ஆட்களை எழுப்புகிறார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் எழுந்து, பேர் பதிகிற பிரட்டுக்களத்தில் போய் நிற்க வேண்டும். பிந்திப் போனால் அன்றைக்குப் பேர் விழாது, சம்பளமும் கிடையாது. போன வாரம் ஒருநாள் தப்புச் சத்தம் கேட்டும் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேர் புரண்டு படுத்துக்கொண்டார்கள். என் வேலித் தகரம்தான் ஆடுகிறது என்று நினைத்துவிட்டார்கள்.

தார்ப் பீப்பாயை வெட்டி விரித்த தகரம் அது. லயத்துக்குப் பின்னால் போஞ்சியும் லீக்ஸும் என்று காய்கறி போட்டிருக்கிறேன், அதற்குத்தான் வேலி. வட்டவளைப் பக்கத்து மழைக்காற்று இறங்கினால், தகரம் கம்பத்தில் மோதி மோதித் தப்புக்காரனைப் போலவே அடிக்கும். களத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களில் பக்கத்துக் காம்பரா வீட்டுச் செல்லாயியும் ஒருத்தி. நேரே என் வாசலுக்கு வந்தாள்.

"ஏன் அக்கா, பேசாம ஒங்க தகரத்துக்கே பேர் போடச் சொல்லுங்க. அதுதான் தெனமும் நேரத்துக்கு எந்திரிக்குது."

பின்னாலேயே கங்காணி வந்தார். அவர் சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கெழமைக்குள்ள சத்தம் அடங்கணும் ஆத்தா. இல்லாட்டி வேலியப் பிடுங்கிப்புடுவோம். என்னையக் கொற சொல்லக் கூடாது."

வேலி போனால் லயத்து மாடுகள் ஒரே காலையில் தோட்டத்தை முடித்துவிடும். நான் யாரிடமும் ஒரு கைப்பிடி போஞ்சி கேட்டு நின்றவள் இல்லை. இந்த வயதில் நிற்க வேண்டி வருமோ என்று சோறு இறங்கவில்லை.

எங்கள் துறையூர்ப் பக்கம் வேலி என்றால் முள்தான். ஆடிக்காற்று அதற்குள் புகுந்து அந்தப் பக்கமாய்ப் போய்விடும். வெட்டவெளியில் வளர்ந்தவளுக்கு, காற்றை மறித்து நிற்கிற வேலியே புதுசு. அதனால் எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான், இன்னும் ஆணி அடிப்பது. அடிக்க அடிக்க ஓட்டை பெரிதாகி, சத்தமும் கூடியது. மலைமேல் மேகம் திரண்டாலே சுத்தியலைத் தேடுவேன்.

கவலை அது மட்டுமில்லை. இங்கே இருக்கிறவர்கள் யார், இந்தியாவுக்குப் போகிறவர்கள் யார் என்று இரண்டு கவர்ன்மெண்டும் பேசி முடித்துவிட்டார்களாம். நாங்கள் எந்தப் பக்கம் என்று லயத்தில் ஒருவருக்கும் தெரியாது. மகன் முத்தையா எரிந்து விழுந்தான்.

"போகச் சொல்றானுங்களோ, இருக்கச் சொல்றானுங்களோ. இதுல ஒனக்கு வேலி ஒண்ணுதான் கேடாம்மா?"

நான் ஆணி தேடப் போனேன்.

சனிக்கிழமை, கீழே சிங்களக் கிராமத்துப் பண்டா பலாக்காய் விற்க வந்தான். சாக்கை இறக்கி வைத்துவிட்டு வேலியைப் பிடித்து இழுத்தான். பிடுங்க வந்துவிட்டான் என்றே நினைத்து, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு முன்னால் போய் நின்றேன்.

"தொட்ட, கை இருக்காது."

அவனுக்குத் தமிழ் புரியாது, கத்தி புரிந்தது. "பய வென்ன எபா, ஆச்சி," என்று கையைத் தூக்கினான். பயப்படாதே என்கிறான், பயந்தவன் அவன். பிறகு இரண்டு தகரத்துக்கு நடுவில் உள்ளங்கையை வைத்து அளந்து காட்டி, விரல்களை அகட்டி, அந்தச் சந்து வழியே என் முகத்தில் 'உஃப்' என்று ஊதினான். அப்போதுதான் விளங்கியது. காற்றுக்கு வழி விடச் சொல்கிறான். தகரம் கம்பத்தில் படுகிற இடத்தைத் தொட்டு, இடுப்பில் கட்டியிருந்த சாரத்து நுனியை அங்கே திணித்துக் காட்டினான். மெத்தென்று ஏதாவது வைக்க வேண்டுமாம்.

நான் வேலைக்குப் போன காலத்தில் மழையில் கொழுந்து பறிக்கும்போது தலையில் போட்டிருந்த கம்பளியை எடுத்து வந்தேன். பண்டா அதைப் பார்த்துத் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. நானே கிழித்தேன். தகரங்களைத் தள்ளித் தள்ளி வைத்து, கம்பளித் துண்டு கொடுத்து அடித்தோம். காசுக்குப் பதில் லீக்ஸ் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, கத்தியை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான்.

ஞாயிறு முழுக்கக் காற்று. தகரம் வாய் திறக்கவில்லை. கங்காணி ஒரு சுற்று வந்து, காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுப் போனார். மறுநாள் தப்பு அடித்ததும் காம்பராக் கதவுகள் திறந்தன.

"என்னக்கா, தகரம் செத்துப்போச்சா?" என்றாள் செல்லாயி.

"தூங்குது. நீ பிரட்டுக்குப் போடி."

அந்தியில் முத்தையா வேலியைச் சுற்றிப் பார்த்தான். பாதையோரத்துக் கடைசித் தகரத்தில் நின்றான். அதன் ஒரு பக்கத்தை ஆணியடித்து, மறுபக்கத்தைக் கம்பளிக் கிழிசலால், இழுத்தால் அவிழ்ந்து பழையபடி தப்படிக்கிற மாதிரி கட்டியிருந்தேன்.

"இதுக்கு மட்டும் ஏம்மா ஆணி அடிக்கல?"

"தீந்துபோச்சுய்யா."

முந்தானை முடிச்சில் ஆணிகள் கனத்துக்கொண்டிருந்தன.