ஒன்பது கிலோ

2011 பெப்ரவரி 5, சனிக்கிழமை, பின்னேரம் நான்கு மணி நாற்பது. சிட்னியின் செவன் ஹில்ஸில் நாற்பத்தொரு பாகை, காற்று இல்லை. வீட்டிலிருந்த ஒரேயொரு ஏசி ஹோலில் பிள்ளைகளுக்காக ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு கிழவர்களும் கராஜ் கதவை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி வைத்துவிட்டு உள்ளே இருந்தோம். சம்பந்தி, உடுப்பு மினுக்கும் இஸ்திரி மேசையின் மேல் ஒரு வரைபடத்தை விரித்து, அதன் நான்கு மூலைகளிலும் நான்கு மீன் டின்களை வைத்தார்.

"சம்பந்தி, ஒரு விசயம் கேக்கட்டே? ஏசப்படாது," என்றார்.

சிட்னிக்கு வடக்கே, ஒன்றோடொன்று தொடுத்தாற்போல ஏரிகள் இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒடுங்கிய நீர்வழி. கரையெல்லாம் காடு. கனூ என்று சொல்லும் சிறு தோணியை வாடகைக்கு எடுத்தால், ஐந்து நாளில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குத் துடுப்புப் போட்டே போய்விடலாம். சம்பந்தி ஊரில், தீவுப்பகுதி வைத்தியசாலை ஒன்றில் மருந்து கலந்து கொடுக்கும் வேலையில் முப்பது வருடம் இருந்தவர். தினமும் மோட்டார் லோஞ்ச் படகில் போய் வந்தவர். "முப்பது வருசம் சனத்துக்குள்ள நெருக்குப்பட்டுப் போய் வந்தனான். ஒருக்காலும் துடுப்பைக் கையில பிடிச்சதில்லை," என்றார்.

அவர் என் மருமகளின் தகப்பன். நான் மாப்பிள்ளையின் தகப்பன். என் மகனும் மருமகளும் மாறி மாறி ஷிப்ட் வேலை செய்ததால், பேரப்பிள்ளைகள் இருவரையும் பார்த்துக்கொள்ள எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். இருவரும் மனைவியை இழந்தவர்கள். பதினொரு அடிக்குப் பத்தடி அறையில் இரண்டு கட்டில். எனக்கு நிரந்தர விசா. அவருக்குப் பார்வையாளர் விசா. மே மாதத்தோடு முடிகிறது, இனி நீடிப்பில்லை என்று கடிதம் வந்துவிட்டது. எட்டு மாதத்தில் அவர் பார்த்த அவுஸ்திரேலியா, பள்ளிக்கூட வாசலும் பலசரக்குக் கடையும், மூன்று முறை ஹெலன்ஸ்பர்க் கோயிலும்தான். எங்களில் யாருக்கும் கார் ஓட்டத் தெரியாது. வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் 640 அடி வைப்புத் தூரம். அதுவரை போய், பஸ்ஸைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார்.

போகக்கூடிய வாரம் ஒன்றே ஒன்று. ஏப்ரல் விடுமுறையில், 11ஆம் தேதி தொடங்கும் வாரம், மருமகள் லீவு எடுத்திருந்தாள்.

நாங்கள் இருவரும் சேர்ந்து போவோமா என்று அவர் கேட்க, நான் "ஓம்" என்று சொல்லிவிட்டேன். எனக்கு நீந்தத் தெரியாது. குளத்தில் கூட முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பத்தொரு வருடம் இருந்தேன். ஆனால் களஞ்சியத்தில், ஆணியும் சீமெந்தும் எண்ணிக்கொண்டு. அதை அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் மாப்பிள்ளையின் தகப்பன் பெண்ணின் தகப்பனிடம், எனக்குப் பயம் என்று எப்படிச் சொல்வது? சம்பந்தி இந்த முறைமையை என்னைவிடக் கண்டிப்பாகக் காத்தவர். நான் கதிரையில் இருந்தால் அவர் ஸ்டூலில் இருப்பார். நான் கை கழுவிய பிறகுதான் எழுவார். எட்டு மாதத்தில் என் பேச்சை ஒரு தடவையும் மறுத்ததில்லை.

ஆகவே நான் எனக்குத் தெரிந்த வழியில் மறுக்கத் தொடங்கினேன். கணக்குப் பார்த்தேன்.

முதலில் வருடப் பிறப்பைப் பிடித்தேன். 14ஆம் தேதி அந்த வாரத்துக்குள்ளே விழுந்தது. "பெரியாக்கள் ரெண்டு பேரும் வீட்டில இல்லாட்டி பிள்ளையளுக்கு ஆர் கைவிசேஷம் குடுக்கிறது?" என்று கேட்டேன். அன்றைக்கு மூத்தவர்கள் கையால் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் காசுக்கு எங்கள் வீடுகளில் அவ்வளவு மதிப்பு. பயணமே விட்டுப்போகும் என்று நினைத்தேன். அவர் வரைபடத்தின் மேல் குனிந்தார். "ஓம் சம்பந்தி, அதுவும் சரிதான்," என்று சொல்லி, பென்சிலால் இரண்டு ஏரிகளை வெட்டினார். ஐந்து நாள் மூன்று நாளாயிற்று. 13ஆம் தேதி இரவுக்குள் வீடு.

அடுத்தது பாரம். தோணி வாடகைக்கு விடுபவர் அனுப்பிய தாளில் கனூ 240 கிலோ தாங்கும் என்றிருந்தது. நான் 63, அவர் 71. மிச்சம் 106. ஏரித்தண்ணீரைக் குடிக்க முடியாது என்று நான் ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லீற்றர் எழுதினேன். காற்று மாறி ஒரு நாள் அகப்பட்டுக்கொண்டால் என்று நான்காவது நாளுக்கும் எழுதினேன். தண்ணீர் மட்டும் 32 கிலோ. பிறகு அரிசி, கூடாரம், அடுப்பு, மேலதிகத் துடுப்பு, மேலதிகத் துடுப்புக்கும் மேலதிகம். நான் ஒன்றைச் சேர்க்கும் போதெல்லாம் அவர் தன்னுடையதில் ஒன்றை வெளியே எடுத்தார். கமராவை எடுத்தார். தலையணையை எடுத்தார். உடுக்கும் இரண்டாவது சாரத்தை எடுத்தார். "மூண்டு நாளைக்கு ஒரு சாரம் காணும். என்னை ஆர் பாக்கப் போகினம், கங்காருவே?" என்று சிரித்தார். அவருடைய பொருள்கள் எல்லாம் சேர்ந்து மூன்று கிலோவுக்கு வந்தன. அப்படியும் பெப்ரவரி கடைசியில் என் பட்டியலின் கூட்டுத்தொகை 115.

"ஒன்பது கிலோ கூட. என்ன செய்யிறது சம்பந்தி, கணக்கு விடுகுதில்லை," என்றேன். எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதை இன்றைக்கும் என்னால் மறைக்க முடியாது.

அவர் தலையாட்டினார். அன்றிரவு சாப்பிட வரவில்லை. விரதம் என்று மகளிடம் சொன்னார். மறுநாளும் விரதம். எந்தச் சாமிக்கு என்று மருமகள் கேட்டதற்கு, "எல்லாருக்கும் பொதுவாப் பிடிக்கிறன் பிள்ளை," என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் குளியலறைத் தராசில் ஏறி நிற்பார். கராஜ் கலண்டரின் ஓரத்தில் சிறிய எழுத்தில் 71, 70, 68 என்று இலக்கங்கள் வந்தன. எனக்கு விளங்கிவிட்டது. எண்களை எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. மார்ச் 27ஆம் தேதி 65 என்று கண்டேன். ஒன்பதில் இன்னும் மூன்று கிலோதான் இருந்தது. அன்று பின்னேரம் நான் பட்டியலில் ஒரு தார்ப்பாயைச் சேர்த்தேன். ஐந்து கிலோ.

அவர் அதையும் வாசித்தார். "ஓம், மழை வந்தாலும் வரும்," என்றார்.

ஏப்ரல் 6, புதன்கிழமை, மூன்று ஐம்பது. நான் பின்வளவில் உடுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த பேத்தி கதவடியில் வந்து நின்றாள். "அப்பப்பா, அம்மப்பா இஸ் ஸ்லீப்பிங் ஆன் த ப்ளோர்," என்றாள்.

சம்பந்தி குசினித் தரையில் கிடந்தார். உடம்பெல்லாம் வியர்த்து, வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. நீரிழிவு, சீனி வருத்தக்காரர். சாப்பாட்டைக் குறைத்தவர் குளிசையைக் குறைக்கவில்லை, சீனி இறங்கிவிட்டது. சாப்பிடாமல் குளிசை போடாதேங்கோ என்று முப்பது வருடம் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர். அம்புலன்ஸ் வர பதினேழு நிமிடம். நான் பக்கத்தில் இருந்து அவருடைய மூச்சை எண்ணினேன். வேறு எதுவும் எனக்குச் செய்யத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் தெளிந்து எழுந்து இருந்தார். கையில் ஊசி. மருமகள் கோப்பி வாங்கப் போன நேரத்தில் அவருடைய கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டுச் சொன்னேன். "சம்பந்தி, எனக்கு நீந்தத் தெரியாது. தண்ணி எண்டாப் பயம்."

"அது தெரியும்," என்றார்.

"என்னெண்டு?"

"கோயிலுக்குப் போன வழியில கடற்கரையில இறங்கினபோதும் செருப்பைக் கழட்டாத ஆள் நீங்கள். ஒருக்கா மாட்டன் எண்டு சொல்லுவியள் எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனான். சொல்லியிருந்தா தம்பி வந்திருப்பார்."

தம்பி என்றது என் மகனை. மார்ச் மாதமே அவன் இவரிடம் தனியாகச் சொல்லியிருக்கிறான்: "மாமா, நான் லீவு போட்டிட்டு வாறன். அப்பா வேண்டாம், அவர் பயந்து சாவார்." இவர் மறுத்துவிட்டார். மாப்பிள்ளையின் தகப்பன் ஓம் என்று சொன்ன பயணத்துக்கு அவரை விட்டுவிட்டு மாப்பிள்ளையைக் கூட்டிப் போவது மரியாதையில்லை என்றாராம். நான் மாட்டேன் என்று சொல்லாமல் அவர் வேறு ஆளோடு போக முடியாது. அவராகப் பயணத்தை விடட்டும் என்று பார்த்திருந்த நான், மாட்டேன் என்று சொல்லவில்லை. இப்படி இரண்டு மாதம் ஒரே அறையில், ஒரே வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

வருடப் பிறப்பன்று இருவரும் வீட்டில்தான் இருந்தோம். கைவிசேஷம் கொடுத்தோம். மே 29, ஞாயிற்றுக்கிழமை, அவரை விமான நிலையத்துக்குக் கொண்டுபோனோம். வாசலில் அவருடைய பையை வாங்கித் தூக்கினேன், பாரமே இல்லை. "அடுத்த வருசம் திரும்ப விசாவுக்குப் போடுங்கோ. தம்பியோட போங்கோ. நான் கரையில நிக்கிறன்," என்றேன்.

"இல்லை சம்பந்தி," என்றார். என்னிடம் அவர் சொன்ன முதல் இல்லை அது. "எனக்கு இனி அந்த ஆசை இல்லை. விடுங்கோ." என் தோளைத் தட்டிவிட்டு வரிசைக்குள் போனார். திரும்பிப் பார்ப்பார் என்று நின்றேன், பார்க்கவில்லை. 2013இல் ஊரிலேயே காலமானார். அறையில் மற்றக் கட்டிலை எடுத்துவிட்டார்கள். இப்போது நடக்க நிறைய இடம் இருக்கிறது.

பார்வையாளருக்கு அரசாங்க மருத்துவ அட்டை கிடையாது. அவருடைய காப்புறுதி பழைய வருத்தத்துக்குப் பணம் தராது என்று எழுதிவிட்டது. செலவு முழுவதையும் என் சேமிப்பிலிருந்து நானே கட்டினேன். மகனை ஒரு சதமும் போட விடவில்லை. மூன்று இரவு ஆஸ்பத்திரி 4,380 டொலர். அம்புலன்ஸ் 372 டொலர் 40 சதம். கனூவுக்குக் கொடுத்துத் திரும்ப வராத முற்பணம் 120. எல்லாமாக நாலாயிரத்து எண்ணூற்று எழுபத்திரண்டு டொலர், நாற்பது சதம்.