வற்றக் காய்ச்சிய வேர்

அத்தானின் வயிறு சத்தமில்லாமல் போன நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அத்தான் என்றால் அக்காவின் கணவர். இங்கே இத்தாலியில் ஒரு சின்யோராவின், அதாவது ஒரு வீட்டு எசமானியின், தோட்டத்தில் வேலை செய்யும்போது காலில் வெட்டு ஒன்று பட்டது. ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் அவருக்கு எப்போதும் பஞ்சி, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டார். கடைசியில் கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது. செப்சிஸ் என்றார்கள். உடம்பெல்லாம் குழாய்களோடு நினைவில்லாமல் கிடந்தார்.

டாக்டரம்மா அவருடைய வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை இடம் மாற்றி மாற்றி வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு எங்களுக்கு விளங்கும் இத்தாலியனில் சொன்னார்: உயிருள்ள வயிற்றில் எப்போதும் ஏதாவது சத்தம் இருக்கும், இவருடையதில் ஒன்றுமில்லை. குடல் அசையாமல் நின்றுவிட்டது, அதன் சுவரும் பழுதாகிவிட்டது, அங்கிருந்தும் கிருமி இரத்தத்துக்குள் கசிகிறது. குடல் திரும்ப அசையாவிட்டால் ஆளைக் காப்பாற்றுவது கஷ்டம்.

நகரத்தின் நடுவே பொலிதேயாமாவில் அக்காவோடு அலுவலகங்கள் துடைக்கும் சீனப் பெண் ஒருத்தி இதைக் கேட்டதும், ஒரேத்தோ பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு பொட்டலத்தோடு வந்தாள். உள்ளே மஞ்சள் வேர்த் துண்டுகள். நம் ஊர் மருந்துக்கடைகளில் ரேவல்சின்னி என்று தருவது. அவளுடைய நாட்டில் இப்படிக் குடல் நின்றவர்களுக்கு ஆஸ்பத்திரியிலேயே, ஊசி மருந்துகளோடு இதன் கசாயத்தையும் மூக்குக் குழாயால் விடுவார்களாம். கொஞ்ச நேரம்தான் கொதிக்கவேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் போனாள்.

டாக்டரம்மாவிடம் கேட்டோம். அவர் சிரிக்கவில்லை. அதைப் பற்றி ஆராய்கிறார்கள், நானும் வாசித்திருக்கிறேன், ஆனால் என்ன இருக்கிறதென்று தெரியாத ஒன்றை நின்றுபோன குடலுக்குள் விடச் சம்மதிக்கமாட்டேன் என்றார். எனக்கு அது நியாயமாகப் பட்டது. அக்காவுக்குப் படவில்லை.

ஞாயிறு மத்தியானம். சிரோக்கோ என்ற சுடுகாற்று அடித்ததால் யன்னல்களையெல்லாம் சாத்தியிருந்தோம். அக்கா மண்சட்டியை அடுப்பில் வைத்தாள். சீனப் பெண் சொன்னது அவளுக்கு ஏறவேயில்லை. கசாயம் என்றால் எங்கள் சனத்துக்கு ஒரே முறைதான்: எட்டுப் பங்கு தண்ணீர் ஒரு பங்காக வற்றவேண்டும். எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, அந்தப் பிள்ளை கனநேரம் வேண்டாமெண்டெல்லோ சொன்னவ?"

"நீ சும்மா இரு. கசாயம் காய்ச்ச எனக்குத் தெரியாதே?"

"அங்கை குடுக்க விடமாட்டினம். பிறகேன் காய்ச்சுறாய்?"

அவள் சட்டிக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோய்க் குனிந்து நின்றாள். "இஞ்சை வா," என்றாள் மெதுவாக. "அத்தான்ரை வயிறு இரையுது."

நானும் குனிந்து கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. அடியிலிருந்து ஒரு கொடகொடப்பு, பிறகு நீண்ட முனகல், பிறகு ஒன்றுமில்லை. சாப்பிட்டுவிட்டு சோபாவில் சாய்ந்திருக்கும் அத்தானின் வயிறேதான். பட்டப்பகலில், என் சொந்தக் குசினியில். அடுப்பை அணைக்கப் போனேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டாள்.

பின்னேரம் வந்த சீனப் பெண், சட்டியின் அடியில் கிடந்த கறுப்புக் குழம்பைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள். கனநேரம் கொதித்தால் குடலை அசைக்கும் சக்தி அந்த வேரிலிருந்து போய்விடுமாம். அக்கா அதைச் சிங்குக்குள் ஊற்றினாள். பிறகு நிலத்தில் குந்தியிருந்து அழுதாள். ஒரு சொட்டும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

அடுத்த கிழமை ஊசி மருந்துகள் வேலை செய்யத் தொடங்கின. வயிற்றில் சத்தம் வந்துவிட்டது என்று டாக்டரம்மா சொன்னபோது சந்தோசத்தில் அவரைக் கட்டிப்பிடித்தேன். தொண்டைக் குழாயை எடுத்த அன்று அக்காவும் நானும் மட்டும் கட்டிலருகே நின்றோம். சட்டியைப் பற்றி அத்தானிடம் யாரும் மூச்சுக்கூட விட்டிருக்கவில்லை. சீனப் பெண் அந்த ஆஸ்பத்திரிப் பக்கம் வந்ததேயில்லை.

அத்தான் கண் திறந்து அக்காவைத் தேடினார். குரல் கரகரத்தது.

"ஏனப்பா அவ்வளவு நேரம் வத்த விட்டனீர்?" என்றார். "எனக்கெல்லோ சுட்டது."