கிறீன் கவுண்டியின் பழைய ஊர்: ஒரு சந்தேகப் பேர்வழியின் கிளாறுஸ் பயணம்

அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலுள்ள கிறீன் கவுண்டிக்கு அடுத்த கோடையில் போகப் போவதாக வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அங்கே இருக்கும் சுவிஸ் கிராமம் உண்மையானதா, அல்லது சுற்றுலாக்காரருக்காகக் கட்டிவைத்த செட்டா என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி. நானும் எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. அந்தக் கவுண்டியின் மக்கள் புறப்பட்ட இடத்துக்கு, அதாவது சுவிசில் கன்டோன் என்று சொல்லும் மாநிலங்களில் ஒன்றான கிளாறுசுக்கு, 1986 ஒக்டோபரில் ஒரு புதன்கிழமை போனேன். என் விருப்பத்தில் போகவில்லை. அந்த ஒரு நாள் பயணத்தைத்தான் எழுதுகிறேன்.

அப்போது நான் டாவோசில் ஒரு ஹொட்டேலில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். சுவிசுக்கு வந்து இரண்டு வருடம். அகதி மனுவுக்கான விசாரணை தலைநகர் பேர்ணில், இன்னும் மூன்று கிழமையில். ஹொட்டேலுக்கு டோறிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி வந்திருந்தார். அறுபது வயதிருக்கும், கிறீன் கவுண்டியில் மாட்டுப் பண்ணை வைத்திருப்பவர். கிளாறுசில் தன் முன்னோரின் பதிவைத் தேடிப் போக, ஆங்கிலமும் ஜெர்மனும் தெரிந்த ஒருவர் அவருக்குத் தேவைப்பட்டது. முதலாளி சமையலறைக்கு வந்து என்னைக் காட்டினார். என் ஜெர்மன் சட்டி பானை ஜெர்மன். ஆங்கிலம் பரவாயில்லை. யாழ்ப்பாணத்தில் நில அளவைக் கந்தோரில் படவரைஞராக ஆறு வருடம் வேலை செய்தவன் நான்.

டோறிஸ் என்னிடம் கேட்ட முதல் மூன்று கேள்விகள்: எந்த ஊர், எப்போது வந்தாய், எந்த வழியால் வந்தாய். பதிலை ஒரு சின்னக் கொப்பியில் எழுதிக்கொண்டார். இதே மூன்றையும் இதே ஒழுங்கில்தான் கன்டோன் அலுவலகத்திலும் கேட்டிருந்தார்கள். விசாரணைக்கு மூன்று கிழமை இருக்க, கொப்பியோடு ஒரு வெள்ளைக்காரி வந்து என்னை வேறு கன்டோனுக்குக் கூப்பிடுகிறாள் என்றால், யார்தான் நம்புவார்கள்?

என்னோடு அறையைப் பகிர்ந்த யோகண்ணை என்னைவிட இரண்டு வருடம் மூத்த அகதி. அவரிடம் கேட்டேன். அவர் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"தம்பி, கன்டோன் மாறிப் பிடிபட்டியெண்டால் கேஸ் முடிஞ்சுது. உவ பண்ணைக்காறியோ ஆரோ, ஆர் கண்டது? போகாட்டில் முதலாளி முகத்தைத் திருப்புவான். போ. ஆனா வாயைத் திறவாத."

மொழிபெயர்க்கப் போகிறவனுக்குச் சொன்ன புத்திமதி இது. கன்டோன் மாறுவது பற்றி அவர் சொன்னது சரியா பிழையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றைக்கு நாங்கள் எல்லோரும் அதை வேதவாக்காக நம்பினோம்.

காலை ஏழு பத்துக்கு டாவோஸ் பிளாட்சில் ரயில் எடுத்தோம். மலையிறங்கி லண்ட்குவார்ட் வர ஒரு மணி பத்து நிமிடம், ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர். அங்கே பெரிய ரயிலுக்கு மாறி, வாலன் ஏரிக்கரையோடு சீகல்புறூக்கே என்ற சந்திப்பு நிலையத்துக்கு. டிக்கெட் டோறிஸ் எடுத்தார். போய்வர ஒரு ஆளுக்கு ஐம்பது பிராங்குக்குச் சற்றுக் கூட. ஏரி வலது பக்கம் வரும், அந்தப் பக்க யன்னலைப் பிடியுங்கள். நான் பார்த்தது குறைவு. பெட்டிக்குள் யார் ஏறுகிறார்கள் என்பதில்தான் என் கண் இருந்தது. சார்கன்சில் ஏறிய பழுப்பு மேலங்கிக்காரன் ஒருவன் பத்திரிகையைப் பக்கம் திருப்பாமல் பிடித்திருந்தான். அவன் நித்திரை என்று இருபது நிமிடம் கழித்துக் குறட்டை வந்தபோதுதான் தெரிந்தது.

டோறிசும் லேசுப்பட்டவர் இல்லை. கடவுச்சீட்டுப் பையைக் கழுத்தில் தொங்கவிட்டு, மேலே கம்பளிச் சட்டை போட்டு, அதற்கும் மேல் கையை வைத்திருந்தார். என்னை நம்பலாமா என்று முதலாளியிடம் இரண்டு தடவை விசாரித்தவர் என்று பிறகு அறிந்தேன். சந்தேகத்தில் எங்கள் இருவருக்கும் நல்ல பொருத்தம்.

ஏரிக்கரையில் அவர் கிறீன் கவுண்டியின் வரைபடத்தை விரித்தார். படத்தைக் கண்டால் என் கை சும்மா இருக்காது, குனிந்துவிட்டேன். விஸ்கொன்சினின் தெற்கு எல்லையில் அந்தக் கவுண்டி. நடுவில் மன்றோ என்ற தலைமை நகரம், வடக்கே இருபத்தைந்து கிலோமீற்றரில் நியூ கிளாறுஸ். பழைய காலத்துப் பனிப்பாறைகள் அந்தப் பக்கத்தின் மேற்குப் பகுதியைத் தொடாமல் விட்டதால், சுற்றிவர நிலம் மட்டமாக இருக்க அங்கே மட்டும் குன்றும் பள்ளமுமாக இருக்கிறது. அதன் மேலே ஒரு மைலுக்கு ஒரு மைல் என்று சதுரக் கோடுகள். குன்றோ ஓடையோ எதையும் மதிக்காமல் நேராகப் போயின. என் அனுபவத்தில் இவ்வளவு நேரான கோடு, ஊரைக் காலால் நடந்து பார்க்காதவன் கீறுவது. அதைச் சொன்னேன். டோறிஸ் முதல்முறையாகச் சிரித்தார்.

கதை இதுதான். 1840களில் கிளாறுசில் கடும் பஞ்சம். நெசவு வேலை படுத்துவிட்டது, உருளைக்கிழங்கு அழுகியது. சங்கம் அமைத்து இரண்டு பேரை அமெரிக்காவுக்கு முன்னால் அனுப்பி நிலம் பார்த்தார்கள். 1845 ஏப்ரலில் குடும்பம் குடும்பமாக லின்த் கால்வாயில் படகேறினார்கள். சீகல்புறூக்கே அருகே அந்தக் கால்வாயை நீங்களும் பார்க்கலாம், இவ்வளவு பெரிய பயணம் தொடங்கிய இடம் என்று நம்ப முடியாத ஒடுக்கம். அமெரிக்கா போய்ச் சீட்டுக் குலுக்கி ஆளுக்கு இருபது ஏக்கர் பிரித்தார்கள். முதலில் கோதுமை, பிறகு மாடு, பிறகு பாலாடைக்கட்டி. லிம்பர்கர் என்று ஒரு கட்டி, அதன் நாற்றத்தைப் பற்றி டோறிஸ் பெருமையாகவே பேசினார்.

அதற்கு முன் அந்த நிலம் யாருடையது என்று கேட்டேன். ஹோ-சங்க் என்ற பூர்வகுடி மக்கள் இருந்தார்கள், அவர்களை மேற்கே அனுப்பிவிட்டார்கள் என்றார். யார் அனுப்பியது என்று கேட்டேன். அவர் வரைபடத்தை மடித்தார்.

அவருடைய குடும்பக் கதையில், அமெரிக்கா போன முப்பாட்டன் ஒரு வீரன். உலகம் பார்க்க ஆசைப்பட்டுத் துணிந்து கிளம்பியவன். கவுண்டிப் பத்திரிகையில்கூட அப்படித்தான் வந்ததாம். எனக்கு அது ஒரு ஏஜென்ட் எழுதிக் கொடுத்த கதை மாதிரி இருந்தது. அப்படியான கதைகளை நான் நன்றாக அறிவேன், ஏனென்றால் என் மேற்சட்டைப் பையிலும் ஒன்று இருந்தது. என்னை வெளிநாட்டுக்கு அனுப்பிய கொழும்பு ஏஜென்ட், அகதி விசாரணையில் சொல்லவென்று தட்டச்சில் அடித்துத் தந்த நாலு பக்கம்: இராணுவ முகாமில் பதினைந்து நாள், இருட்டறை, ஜன்னல் கம்பி, தப்பியது. எங்கள் கூட்டத்தில் பதினெட்டுப் பேருக்கும் அதே நாலு பக்கம், பெயரும் திகதியும்தான் வேறு. எங்களில் சிலருக்கு அதைவிடக் கொடுமையானது உண்மையில் நடந்திருந்தது. இருந்தும் எல்லோரும் ஏஜென்டின் கதையையே பாடமாக்கினோம், அதுதான் "பாஸ்" ஆகும் என்று அவர் சொன்னதால்.

சீகல்புறூக்கேயிலிருந்து சிறிய ரயிலில் கிளாறுஸ் நகரத்தைத் தாண்டி ஸ்வாண்டன், பதினாறு கிலோமீற்றர். அங்கிருந்து செர்ன்ஃப் பள்ளத்தாக்குக்குள் பஸ். பத்தரைக்கு இறங்கினோம். கிராமத்தின் பெயரை எழுதவில்லை. அந்த ஊர்க்காரர்கள் என்னைவிடச் சந்தேகக்காரர்கள். பள்ளத்தாக்கு முழுக்க ஸ்லேட் கல், கூரையும் சுவரும் கறுப்பு. ஒக்டோபரில் வெயில் பதினொரு மணிக்குத்தான் மலைக்கு மேலே வருகிறது, ஆகவே கம்பளி கட்டாயம்.

கிராம அலுவலகத்தில் ஒரே ஒரு எழுத்தர். பதிவேடு பார்ப்பவர்கள் வருகைப் புத்தகத்தில் பெயரும் பூர்வீக ஊரும் எழுத வேண்டும் என்றார். சுவிஸ்காரர்களுக்கு இது ஒரு பழக்கம்: பிறந்த ஊரைவிடப் பாட்டன்மாரின் ஊர்தான் கடவுச்சீட்டில் இருக்கும். டோறிஸ் கிறீன் கவுண்டி என்று எழுதப் போக, எழுத்தர் தடுத்து, இந்தக் கிராமத்தின் பெயரையே எழுதச் சொன்னார். டோறிசுக்குக் கண் கலங்கியது. என் முறை வந்தபோது நான் யோகண்ணையின் பெயரை எழுதினேன். அப்படி எழுதுவேன் என்று பேனாவை எடுக்கும்வரை எனக்கே தெரியாது. எழுத்தர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொலைபேசியை எடுத்தார்.

முடிந்தது என்று நினைத்தேன். ஸ்வாண்டனுக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று சுவரில் தேடினேன். கதவுக்கு நாலு எட்டு வைத்தால் போதும். டோறிஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கடவுச்சீட்டுப் பையை இறுக்கிப் பிடித்தார். பத்து நிமிடத்தில் ஒரு கிழவர் வந்தார். அலுமாரிச் சாவி அவரிடம் இருந்ததாம். அதைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

புத்தகம் வந்தது. கிராமத்தின் செலவில் அமெரிக்கா போனவர்களின் பட்டியல். பழைய கையெழுத்தை எழுத்தர் நிறுத்தி நிறுத்தி வாசிக்க நான் ஆங்கிலத்தில் சொன்னேன். டோறிஸ் என்னையும் நம்பவில்லை, ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தரம் கேட்டார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் எதிரே காரணம் எழுதியிருந்தது: "சுய விருப்பின் பேரில், நல்வாழ்வு நாடி. திரும்பி வந்து உதவி கோருவதில்லை." அடுத்த குடும்பத்துக்கும் அதே வசனம். அதற்கடுத்ததுக்கும் அதே. எட்டாவது குடும்பத்தில் எழுத்தர் வாசிப்பதை விட்டுவிட்டு, அதே, அதே என்று விரலை மட்டும் கீழே இழுத்தார். பேர்ணில் ஒரு மேசையில் எங்கள் பதினெட்டுக் கோப்புகளுக்கும் மேலாக ஒரு விரல் இப்படித்தான் இறங்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

பிறகு விரல் நின்றது. டோறிசின் முப்பாட்டன் பெயர், மனைவி, நாலு பிள்ளைகள். அந்த மனிதன் மற்றவர்களுடைய வசனத்துக்குச் சம்மதிக்கவில்லை போலும். எழுதியிருந்தது இவ்வளவுதான்: "பசியால். பிள்ளை ஒன்று மாசியில் இறந்தது. திரும்பி வர விருப்பம்." முதல் சொல்லை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை, ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் எழுத்தில் அது ஒரே சொல், Hunger. டோறிஸ் கதிரையில் இருந்தார். கொப்பியை எடுத்தார், எழுதவில்லை.

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்தப் பக்கத்தில் நான் நம்புவது இந்த ஒருவனைத்தான்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. மற்றவர்களும் பசித்தவர்கள்தானே என்று என் சட்டி பானை ஜெர்மனில் கேட்டேன். இருக்கலாம், ஆனால் அதை அவர்கள் சொல்லவில்லையே என்றார். வருகைப் புத்தகத்தைத் திரும்பக் கேட்டு, யோகண்ணையை வெட்டிவிட்டு என் பெயரையும் ஊரையும் எழுதினேன். எழுத்தர் தலையை மட்டும் ஆட்டினார்.

திரும்பும் ரயிலில் டோறிஸ் ஒன்றுதான் கேட்டார்: "நீ ஏன் வந்தாய்?" கொப்பி பைக்குள் இருந்தது. அவர் உளவாளி என்றால் என்ன, இல்லை என்றால் என்ன என்ற நிலைக்கு வந்திருந்தேன். சொன்னேன். கந்தோருக்கு இராணுவத்தினர் வந்து, ஒரு குறிச்சியின் சின்னத் தெருக்களான ஒழுங்கைகளையும் வீடுகளையும் படமாகக் கீறித் தரச் சொன்னார்கள். ஒரு சிப்பாயின் துவக்கு மேசைமேல் இருந்தது. கீறினேன். இரண்டு கிழமையில் அந்த ஒழுங்கைகளைச் சுற்றி வளைத்தார்கள். என் படத்தாலா, தெரியாது. அதற்குப் பிறகு, படம் கீறியது யார் என்று மற்றப் பக்கத்து இயக்கப் பெடியள் விசாரிக்கத் தொடங்கினார்கள். அன்றிரவே வெளிக்கிட்டேன். இந்தக் கதையில் நான் நல்லவன் இல்லை. அதனால்தான் ஏஜென்டின் நாலு பக்கம் எனக்கு வசதியாக இருந்தது. டோறிஸ் ஆறுதல் ஏதும் சொல்லவில்லை, அதற்காக இன்றும் அவருக்கு நன்றி.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். கிளாறுசுக்கு இப்போது சூறிச்சிலிருந்து நேரடி ரயில் உண்டு, ஒரு மணி நேரம். பதிவேடு பார்ப்பதென்றால் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், மதியம் அலுவலகம் பூட்டு. கிறீன் கவுண்டிக்கு மடிசன் நகரத்திலிருந்து கார் எடுங்கள், நியூ கிளாறுஸ் நாற்பது கிலோமீற்றர். வாசகர் கேட்டதற்குப் பதில்: மர வீடுகளில் பாதி சுற்றுலாவுக்குக் கட்டியதுதான், பிற்காலத்தில் அங்கே போனபோது நான் சுவரைத் தட்டியே பார்த்தேன். மயானம் உண்மையானது, முதலில் அங்கே போங்கள். லிம்பர்கரை ரயிலிலோ விமானத்திலோ திறக்காதீர்கள்.

விசாரணையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பேர்ணில் அதிகாரி ஒரு பெண், பக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். அந்த மனிதர் யாருடைய ஆள், நான் சொல்வது எந்தக் காதுக்குப் போகும் என்ற பயம் வர, உண்மையைச் சொல்வதென்று கிளாறுசில் எடுத்த முடிவெல்லாம் காற்றில் போய்விட்டது. ஏஜென்டின் கதையில் முதல் வசனத்தைத் தொடங்கினேன். நான் பாதியில் மூச்சு வாங்க, மொழிபெயர்ப்பாளர் மிச்சத்தையும் சேர்த்து ஜெர்மனில் முடித்துவிட்டார். அவ்வளவு தடவை அவர் அதைக் கேட்டிருக்கிறார். அதிகாரி எழுதவேயில்லை.

"நிப்பாட்டுங்கோ அண்ணை" என்றேன். "அது என்ர கதையில்லை. நான் படம் கீறினனான்."

அதிகாரி பேனாவை எடுத்தார். முழுவதையும் கேட்டபின் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளி, அந்தப் படத்தை இப்போதும் கீற முடியுமா என்றார். முடிந்தது. ஆறு ஒழுங்கைகள், இருபத்தேழு வீடுகள். எந்த வீட்டில் யார் என்று கேட்டார். சொன்னேன். இவர்களில் இப்போது யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று கேட்டார். இரண்டு வருடமாக நான் ஒருவரிடமும் கேட்காத கேள்வி அது. தெரியாது என்றேன். அன்று மாலை ரயில் நிலையத்துத் தபாற்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே வீட்டுக்குக் கடிதம் எழுதி, அந்த இருபத்தேழு வீட்டையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்டேன்.