மச்சானுக்கு ஒன்று, விலாங்குக்கு ஒன்பது

போர்ச்சுகலில் அவெய்ரோ நகரின் சொல் ஆய்வு நிலையத்தில் வாயில்காவலராக இருந்த அபீலியு ரமல்யைராவிடம் எந்த வேலையையும் இரண்டு முறை சொல்ல வேண்டும். மூன்று முறை சொல்ல வைத்துவிட்டால் அன்று அவருக்கு நல்ல நாள்.

நிலையத்தின் வேலை விசித்திரமானது. போர்ச்சுகீசியச் சொற்களை ஒவ்வொன்றாக மக்களிடம் நீட்டி, அது மனதுக்கு எவ்வளவு இனிக்கிறது என்று எண் போடச் சொல்வார்கள். ஒன்று என்றால் வெறுப்பு, ஒன்பது என்றால் ஆனந்தம். எல்லா எண்களையும் கூட்டி வகுத்தால் நாட்டின் மனது கையில் வந்துவிடும் என்பது பேராசிரியர் செயாப்ராவின் நம்பிக்கை. கல்யாணம் செய்யாதவர், சந்தைக்குப் போகாதவர். நாட்டின் மனதை அவர் காகிதத்தில்தான் பார்த்தாக வேண்டும்.

ஆனால் எண் போட ஆள் கிடைக்கவில்லை. மாணவர்கள் எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டுவிட்டுக் காப்பி குடிக்க ஓடினார்கள். கடைசியில் தாள்கட்டு அபீலியுவின் மேசைக்கு வந்தது. வாசலில் போவோர் வருவோரிடம் கொடுத்து நிரப்பி வாங்க வேண்டும். நிரப்பித் தருபவருக்கு உணவகத்தில் ஒரு வேளைச் சாப்பாடு இலவசம்.

போவோரைக் கூப்பிட எழுந்திருக்க வேண்டுமே. அபீலியு உட்கார்ந்த இடத்திலேயே நாடாக மாறினார். கல்லூரிப் பெண்ணாக ஊதா மையில், ஓய்வுபெற்ற ஆசிரியையாகச் சாய்ந்த எழுத்தில், மீனவராக இடது கையில் எழுதித் தள்ளினார். சாப்பாட்டுச் சீட்டுகளால் தொப்பையும் வளர்ந்தது. ஆள் பொய்யே தவிர, எண்ணில் மட்டும் அவர் பொய் சொல்லவில்லை. விலாங்கு மீனுக்கு எல்லாத் தாளிலும் ஒன்பது. சாவுக்கு நாலு. மச்சானுக்கு ஒன்று. சாவு வந்தால் ஒரே முறைதான் வரும். மச்சான் ஞாயிற்றுக்கிழமைதோறும் வருகிறான்.

மச்சான் என்பது மனைவி தெயோலிந்தாவின் அண்ணன் எர்மீனியு. வருவார், விலாங்குக் குழம்பில் நடுத்துண்டுகளாகப் பார்த்துப் பொறுக்குவார், அபீலியுவிடம் இரவல் வாங்கிய படகு மோட்டாரை 'என் மோட்டார்' என்பார். அபீலியு வாயைத் திறக்க மாட்டார். குடியிருந்தது மாமனார் வீடு. அதில் பாதி எர்மீனியுவுடையது. அவர் முகம் சுளித்தால் வீடு விற்பனைக்குப் போகும். அதனால் நாக்கு பேசாததை எல்லாம் பேனா பேசித் தீர்த்தது.

ஒரு ஞாயிறு மதியம், சாப்பாட்டு மேசை எதிரே ஓடிய தொலைக்காட்சியில் செயாப்ரா தோன்றினார். புது டை கட்டியிருந்தார்.

"நம் நாட்டின் மகிழ்ச்சியான சொல் தாயும் இல்ல, தாய்நாடும் இல்ல. விலாங்கு!" என்றார். "மிகவும் வெறுக்கப்படுற சொல் மச்சான். போர், கொள்ளைநோய் எல்லாம் அதுக்கு அப்புறம்தான். கடலோடிகளின் ஆழ்மனசுல நூற்றாண்டுகளா இருக்குற சொத்துப் பயம் இது."

தெயோலிந்தாவின் அகப்பை பாதியில் நின்றது. அவள் கணவனைப் பார்த்தாள். கணவன் ரொட்டியைப் பார்த்தார்.

எர்மீனியு மேசையைத் தட்டிச் சிரித்தார். "கேட்டியா மச்சான்? நாடே என் கட்சி! இருபது வருஷமா உன்னைப் பாத்தாலே எனக்கு ஒரு மாதிரி இருக்கும். என் மனசுதான் சரியில்லையோன்னு நினைச்சேன். இப்பப் பாரு, அறிவியலே சொல்லுது!"

மனைவியின் அண்ணனுக்கும் தங்கையின் கணவனுக்கும் அங்கே ஒரே சொல். எழுதும்போது அபீலியுவுக்கு இது தோன்றவே இல்லை.

"அட விடு மச்சான், எவனோ நாலு பேரு கிறுக்கியிருப்பான்."

"நாலு பேரா? நூத்துக்கணக்குல ஆளு! மச்சானும் மச்சானும் ஒரே வீட்டுல பங்கு வச்சிருக்கக் கூடாது. என் பாதியை விக்கப் போறேன். மாத்தி ஒரு கணக்கு வந்தா அப்புறம் பாக்கலாம்."

அவர் போனதும் தெயோலிந்தா சொன்னாள்: "ஏன்யா, விலாங்குக்கு ஒன்பது போடுற நாடு இந்த ஊர்ல ஒன்னே ஒன்னுதான். அது இந்தா உக்காந்துருக்கு. போய் உண்மையைச் சொல்லு."

"சொன்னா வேலை போயிடும்டி."

"சொல்லலைன்னா வீடு போயிடும்."

வேலையையும் வீட்டையும் ஒருசேரக் காப்பாற்ற அவருக்கு ஒரு வழி தெரிந்தது. கணக்கைச் சரிபார்க்கப் பேராசிரியர் மறுசுற்றுத் தாள்களை அனுப்பியபோது, அபீலியு வாழ்நாளில் முதல் முறையாக ஒரே தடவை சொன்னதற்கே வேலையைத் தொடங்கினார். பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாத் தாளிலும் மச்சானுக்கு ஒன்பது போட்டார். கல்லூரிப் பெண் போட்டாள், ஆசிரியை போட்டாள், மீனவர் இடது கையால் போட்டார்.

செயாப்ரா புரட்டினார், உதட்டைச் சுழித்தார்.

"எல்லாம் பொய், அபீலியு. நாட்டோட மனசு என்னன்னு நாம ஏற்கனவே அளந்தாச்சு. இது அதோட ஒத்தே போகலையே. யாரோ பொறுப்பில்லாத கூட்டம். எடுத்துட்டுப் போய்க் குப்பையில போடுங்க."

"சார், ஒருவேளை இதுதான் நிஜமா இருந்தா?"

"நீங்க வாசலைப் பாருங்க."

அபீலியு இரண்டாவது முறை சொல்ல வைக்கவில்லை. வாசலுக்குப் போய்விட்டார்.

வீடு விலைபோனது. புருஷனும் மனைவியும் ரயில் பாதை ஓரமாக ஒரு வாடகை வீட்டுக்குப் போனார்கள். குறுகலான சமையலறை, மேசையில் மூன்று பேர்தான் இடிபடாமல் உட்காரலாம். ஞாயிறு மதியம் குழம்பு கொதிக்கும் நேரத்துக்கு அழைப்பு மணி சரியாக அடிக்கிறது. எர்மீனியு உள்ளே வந்து, அபீலியுவின் நாற்காலியில் உட்கார்ந்து, நடுத்துண்டைத் தேடுகிறார்.